ஏழாம் வகுப்பு வாசிப்பு வட்டம்: சமூக நீதி பேசும் சிறார் கதைகளில் எதை எடுப்பது, எப்படி நடத்துவது?

#1 காட்டாமணக்கு

வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, 38 பேர். நூலகத்துக்கென்று வாரம் ஒரு பாடவேளை, 40 நிமிடம். சாதி, பாலினம், மாற்றுத்திறன், பள்ளிக்கூட அடி இவற்றைத் தொடும் சிறார் நாவல்களைக் குழுக்குழுவாக வாசிக்க வைக்கலாம் என்று தலைமை ஆசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார். கையில் இருக்கும் பணத்துக்கு மெல்லிய புத்தகமாகப் பார்த்தால் 20 பிரதி வாங்கலாம். கேட்க வேண்டியவை மூன்று. எந்தப் புத்தகம்? 20 பிரதியை 38 பேருக்கு எப்படிப் பங்கிடுவது? எந்தக் கதையைக் கொடுத்தாலும் "எல்லாரும் சமம் டீச்சர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், அதை எப்படி உடைப்பது?

#2 நூல்தட்டு

முதலில் பங்கீடு. ஒரே தலைப்பில் 20 வாங்கினால் ஒரு புத்தகத்தோடு பருவம் முடிந்துபோகும். 20 தலைப்பில் ஒவ்வொன்று வாங்கினால் அது நூலகம், வாசிப்பு வட்டம் இல்லை. இரண்டு தலைப்பு, தலா 10 பிரதி வாங்குங்கள்.

குழுவை ஐந்து ஐந்தாகப் பிரித்தால் இருவருக்கு ஒரு பிரதி என்ற கணக்கு உதைக்கும், ஏனென்றால் ஐந்து பேருக்கு மூன்று பிரதி வேண்டும். நான்கு பேர் குழு ஏழு, ஐந்து பேர் குழு இரண்டு: மொத்தம் 38. நால்வர் குழுவுக்கு இரண்டு பிரதி, ஐவர் குழுவுக்கு மூன்று. நால்வர் குழு ஐந்துக்கு முதல் தலைப்பு, அதற்கு 10 பிரதி சரி. மீதி நால்வர் குழு இரண்டும் ஐவர் குழு இரண்டும் அடுத்த தலைப்பு, அதற்கும் 10 சரி. பாதிப் பருவத்தில் மாற்றிக்கொண்டாலும் கணக்கு அப்படியே நிற்கும். ஐவர் குழுவில் தனிப் பிரதி யாருக்கு? நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கத்தான் கை போகும். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுங்கள். விரல் வைத்துப் படிப்பதை யாரும் பார்க்காத இடம் அந்தப் பிள்ளைக்குத்தான் தேவை.

ஒரு பிரதியைப் பகிரும் இருவரும் ஏறக்குறைய ஒரே வேகமாக இருக்க வேண்டும். குழுவுக்குள் கலந்திருக்கலாம், ஜோடிக்குள் வேண்டாம். வேகமாகப் படிப்பவர் பக்கத்தைத் திருப்பிவிடுவார், மற்றவர் படித்ததுபோல் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். உரையாடல் தொடங்கும்போதுதான் உங்களுக்கு அது தெரியவரும்.

40 நிமிடத்தில் உட்காரவும் புத்தகம் கொடுக்கவும் 5 போய்விடும். வாசிப்புக்கு 15, பேச்சுக்கு 15, கடைசி 5 நிமிடம் நோட்டில் இரண்டு வரி. 15 நிமிடத்தில் பெரிய எழுத்துச் சிறார் புத்தகத்தில் ஆறு பக்கம் வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம். 100 பக்க நாவல் என்றால் 17 வாரம் ஆகிறது, பருவத்தில் அவ்வளவு வாரம் கிடையாது. ஆகவே 40 பக்கத்துக்குள் முடியும் கதை, இல்லையென்றால் அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்து நிற்கும் புத்தகம், இந்த இரண்டு வகையில் தேடுங்கள்.

#3 அரசமரத்தடி

அத்தியாயம் தனித்து நிற்கும் புத்தகம் என்றால் என் முதல் தேர்வு டோட்டோ-சான். டெட்சுகோ குரோயநாகி எழுதியது, ஜப்பானில் 1981இல் வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. எழுதியவரின் சொந்தப் பள்ளி நாட்களைச் சொல்வதால் கறாராகப் பார்த்தால் நாவல் இல்லை. ஆனால் பிள்ளைகள் நாவலாகத்தான் படிப்பார்கள். பெரும்பாலான அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். முழுவதையும் படிக்க வைக்காதீர்கள், நான்கு இடங்களை மட்டும் எடுங்கள்.

முதலாவது, இளம்பிள்ளை வாதம் வந்த யாசுவாகி-சானை, கதை சொல்லும் சிறுமி டோட்டோ தன் மரத்தில் ஏற்றும் இடம். அடுத்தது விளையாட்டு விழா. தலைமை ஆசிரியர் கோபயாஷி, வளர்ச்சி நின்றுபோன தகாஹாஷி என்ற பையன் வெல்லும் வகையில் போட்டிகளையே வடிவமைத்திருப்பார். துணியால் செய்த பெரிய மீனின் வாய்க்குள் நுழைந்து வால் வழியாக வெளியே வர வேண்டும். குட்டைக் கைகால் உள்ளவன் சர்ரென்று வந்துவிடுவான், உயரமானவர்கள் உள்ளே மாட்டிக்கொள்வார்கள். பரிசு என்ன தெரியுமா, காய்கறி! முதல் பரிசு பெரிய முள்ளங்கி.

இந்த ஒரு அத்தியாயத்தை வைத்தே ஒரு முழுப் பாடவேளை ஓடும். கேள்வி இதுதான்: "இது மற்ற பிள்ளைகளுக்கு அநியாயமா?" வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும். அடுத்த கேள்வி: "நம் பள்ளி ஓட்டப்பந்தயம் யாருடைய உடம்புக்காக வடிவமைத்தது?" இடஒதுக்கீடு என்ற சொல்லை நீங்கள் எடுக்க வேண்டாம். யாராவது ஒரு பிள்ளை எடுக்கும், அப்போது பேசிக்கொள்ளலாம்.

மூன்றாவது, வால் பற்றிய அத்தியாயம். மனிதர்களுக்கு ஒரு காலத்தில் வால் இருந்தது என்று பாடம் நடத்தும் ஆசிரியை விளையாட்டாகத் தகாஹாஷியைப் பார்த்து "உனக்கு வால் இல்லையே?" என்று கேட்டுவிடுவார். பிறகு சமையலறையில், வேறு யாரும் இல்லாத இடத்தில், தலைமை ஆசிரியர் அவரைக் கண்டிப்பதை டோட்டோ கேட்டுவிடுகிறாள். கெட்ட எண்ணம் இல்லாமலும் காயப்படுத்த முடியும் என்பதைச் சொல்ல இதைவிடச் சின்ன உதாரணம் கிடைப்பது கஷ்டம். பிள்ளைகளைவிட நமக்கு அதிகம் உறைக்கும் என்பது வேறு விஷயம்.

நான்காவது, கொரியப் பையன் மாசாவோ. தன்னைப் பார்த்து எல்லாரும் வசையாகச் சொல்லும் "கொரியன்!" என்ற சொல்லையே அவன் டோட்டோவைப் பார்த்துக் கத்துவான். அதன் பொருள்கூட அவனுக்குத் தெரியாது. இந்த இடத்தைக் கடைசியாக வையுங்கள்.

#4 பட்டதாரி_தமிழ்

அரசமரத்தடி சார் சொன்ன அத்தியாயங்களில் குறை இல்லை, வரிசையில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஜப்பானில் தொடங்கினால் சமூக நீதி என்பது வெளிநாட்டுச் சமாசாரம் என்று பதிந்துவிடும். "அங்க அப்படி இருந்திருக்கு டீச்சர், பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் கையில் கட்டியிருக்கும் சாதிக் கயிற்றைப் பற்றிப் பேச ஆறு வாரம் காத்திருக்க வேண்டுமா?

நான் பீமாயணத்தை முன்வைக்கிறேன். அம்பேத்கர் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய குறிப்புகளை வைத்து துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்த சித்திர நூல், ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுதியது, 2011இல் வந்தது. தமிழிலும் கிடைக்கிறது. விலை கூடுதல், 10 பிரதி கட்டுப்படியாகாது. மூன்று வாங்கி, தண்ணீர் பற்றிய முதல் பகுதியை மட்டும் எடுத்தால் போதும்.

பிள்ளைகள் தடுமாறும் இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வழக்கமான சித்திரக்கதை போல இதில் கட்டம் கிடையாது. பர்தான் கோண்டு என்ற பழங்குடி ஓவிய மரபில் பக்கம் முழுவதும் படம் ஓடும், எதற்குப் பிறகு எதைப் படிப்பது என்று தெரியாது. முதல் நாள் வாசிக்க வைக்காமல் பேச்சுக் குமிழிகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அன்பாகப் பேசுகிறவர்களின் குமிழி பறவை வடிவில் இருக்கும், விஷமாகப் பேசுகிறவர்களின் குமிழிக்குத் தேள் கொடுக்கு இருக்கும். எந்தப் பக்கத்தில் யாருக்குக் கொடுக்கு வருகிறது என்று ஒரு பட்டியல் போடச் சொன்னால் 15 நிமிடத்தில் புத்தகத்தின் இலக்கணம் பிடிபட்டுவிடும்.

அடுத்த வாரம் பள்ளிக் குழாய். மற்ற பிள்ளைகள் தாகம் எடுத்தால் தாங்களே குழாயைத் திறந்து குடிக்கலாம், பீமுக்கு (சிறுவன் அம்பேத்கருக்கு) பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். சேவகர் வராத நாளில் தண்ணீர் கிடையாது. அதற்கடுத்து 1901இல் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குக் கிளம்பிய பயணம்.

#5 அரசமரத்தடி

தொலைவிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது சார். 38 பேரில் நான்கு பேருக்கு அந்தக் குழாய் கதை கதை இல்லை. முதல் வாரமே அதைப் பிரித்து வைத்தால் வகுப்பே அந்த நான்கு முகங்களைத் திரும்பிப் பார்க்கும். கதைமாந்தரைப் பற்றிப் பேசுவது, வகுப்புத் தோழரைப் பற்றிப் பேசாமல் இருப்பது, இந்தப் பழக்கம் விழுந்த பிறகு அம்பேத்கரை எடுத்தால் அவர்களும் பேசுவார்கள். பழக்கம் வருவதற்கு மூன்று வாரமாவது வேண்டும். டோட்டோ-சான் அதற்குத்தான்.

#6 நூல்தட்டு

இரண்டு தலைப்பையும் ஒரே நேரத்தில் ஓட்டப்போகிறார்கள் என்பதை இருவரும் மறந்துவிட்டீர்கள். நான்கு குழு அம்பேத்கரில் தொடங்கும்போது ஐந்து குழு ஜப்பானில் இருக்கும். யாரை எந்தக் குழுவில் போடுவது என்பதுதான் பிரச்சினை. பெயர்ப் பட்டியல் வரிசைப்படி பிரிப்பது பாதுகாப்பானது போலத் தெரியும், ஆனால் ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே குழுவில் விழலாம். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், பிறகு இரண்டு விஷயத்துக்காக மட்டும் மாற்றுங்கள்: வாசிப்பு வேகம், ஒருவரை ஒருவர் வெளியில் அடிக்கும் ஜோடி.

#7 பட்டதாரி_தமிழ்

சரி, வரிசையை விடுகிறேன். "எல்லாரும் சமம் டீச்சர்" கேள்விக்கு வருகிறேன். அந்தப் பதில் வருவதற்குக் காரணம் நம் கேள்வி. "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று எத்தனை வருடமாகக் கேட்டுப் பழக்கியிருக்கிறோம்! நீதி கேட்டால் நீதிதான் வரும். அந்தக் கேள்வியை வட்டத்தில் கேட்கவே கூடாது என்று வைத்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக நோட்டைப் படுக்கையாக வைத்து நான்கு பத்தி கோடு போடச் சொல்லுங்கள். யாருக்கு நடந்தது, யார் செய்தார், யார் பார்த்துக்கொண்டிருந்தார், எந்த விதி அல்லது வழக்கம் அதைச் செய்ய விட்டது. கோரேகாவ் பயணத்தை வைத்துக் காட்டுகிறேன்.

பீமும் அண்ணனும் அக்கா மகனும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடை. நிலைய அதிகாரி பிரியமாக விசாரிக்கிறார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மகார் சாதி என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றவில்லை. கடைசியில் அதே அதிகாரி பேசி முடித்து, இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டி ஓட்ட, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருகிறார். கையில் சாப்பாடு இருக்கிறது, ஆனால் குடிக்கத் தண்ணீர் தர ஆள் இல்லை, அதனால் சாப்பிடாமலே படுக்கிறார்கள்.

இப்போது நிலைய அதிகாரியை எந்தப் பத்தியில் போடுவது? செய்தவரா, பார்த்தவரா, உதவியவரா? குழுவுக்குள் சண்டை வரும். வண்டிக்காரர் ஏழை, இரட்டைக் கூலி வாங்குகிறார், தீட்டும் பார்க்கிறார். அவரை எங்கே போடுவது? கெட்டவர் ஒருவரைத் தேடிப் பிடித்துத் திட்டிவிட்டு நகரும் பழக்கம் இந்த இரண்டு பேரிடம்தான் நிற்கும். நான்காவது பத்தி காலியாக இருந்தால் அந்த வாரம் கதை பேசப்படவில்லை என்று பொருள். எந்தக் குழுவும் அதை நிரப்பாமல் எழுந்திருக்கக் கூடாது.

இது முடிந்ததும் அரசியலமைப்புச் சட்டத்தில் பாகுபாட்டைத் தடுக்கும் 15(2), தீண்டாமையை ஒழிக்கும் 17 இரண்டு பிரிவையும் எளிய தமிழில் கரும்பலகையில் எழுதுங்கள். 15(2)இல் கடை, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லியே வரும். "இந்தச் சொல் எல்லாம் ஏன் இங்கே வந்தது?" என்று கேட்டால் நான்காவது பத்தியைக் காட்டுவார்கள். 1927 மார்ச் 20இல், தலித்துகளுக்கு மறுக்கப்பட்டிருந்த மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் எடுத்துக் குடித்ததை அங்கே சொல்லலாம்.

#8 மூன்றாம்மணி

குழுவில் ஆளுக்கொரு பொறுப்பு கொடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. கேள்வி கேட்பவர், முக்கிய வரியைப் பிடிப்பவர், வாழ்க்கையோடு இணைப்பவர், படம் வரைபவர், சொல் தேடுபவர். அமெரிக்காவில் ஹார்வி டேனியல்ஸ் 1994இல் எழுதிய புத்தகத்தின் வழியாகப் பரவிய முறை. எங்கள் பக்கம் ஆங்கில வகுப்புகளில் பலரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

#9 அரசமரத்தடி

முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஊன்றுகோலாகச் சரி. அதற்குமேல் வைத்தால் சொல் தேடுபவர் ஐந்து கடினச் சொல்லை எடுத்துவிட்டுக் கதையைப் படிக்கவே மாட்டார். வரைபவர் 15 நிமிடமும் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார். பேச்சும் வரிசையாக ஒப்பிப்பது போல ஆகிவிடும். டேனியல்ஸே 2002இல் வந்த இரண்டாம் பதிப்பில் பொறுப்புத் தாள்கள் இயந்திரத்தனமாகிவிடுகின்றன என்று எச்சரித்திருக்கிறார்.

சமூக நீதிக் கதைகளில் "வாழ்க்கையோடு இணைப்பவர்" என்ற பொறுப்பை மட்டும் முதல் நாளிலேயே எடுத்துவிடுங்கள். "உன் வாழ்க்கையில் இது எங்கே நடந்தது?" என்று ஒரு தலித் பிள்ளையிடம் மற்ற பிள்ளைகள் கேட்கும் உரிமையை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

பொறுப்புகளை விட்ட பிறகு சிறு துண்டுச் சீட்டு போதும். பழைய வினாத்தாளின் பின்பக்கத்தை நான்காகக் கிழித்து ஆளுக்கு மூன்று. படிக்கும்போது சிக்கிய இடத்தில் ஒன்று, கோபம் வந்த இடத்தில் ஒன்று, கேட்க வேண்டிய இடத்தில் ஒன்று செருக வேண்டும். சீட்டில் பக்க எண்ணும் ஒரு வரியும் மட்டும். பேச்சு அந்தப் பக்கத்தைத் திறந்து வாய்விட்டு வாசிப்பதில்தான் தொடங்க வேண்டும். புத்தகத்தைத் திறக்காமல் பேசும் வட்டம் ஐந்து நிமிடத்தில் பட்டிமன்றம் ஆகிவிடும்.

#10 காட்டாமணக்கு

மிக்க நன்றி. பங்கீடும் நான்கு பத்தியும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆயிஷா, மரப்பாச்சி சொன்ன ரகசியம், கயிறு மூன்றையும் நண்பர்கள் சொல்கிறார்கள். ஏழாம் வகுப்புக்குத் தாங்குமா? பிரித்து வைத்துத் தண்ணீர்ப் பானை நாடகம் போடலாமா என்றும் ஒரு யோசனை.

#11 நூல்தட்டு

நாடகம் வேண்டாம் டீச்சர். பாதிப் பேரைத் தனிப் பானையில் குடிக்க வைப்பது, கடைசி வரிசையில் உட்கார வைப்பது, சீட்டுக் குலுக்கி மேல்சாதி கீழ்சாதி ஆக்குவது, எதுவும் கூடாது. வெளியில் அதை அனுபவிக்கிற பிள்ளைக்கு வகுப்பிலும் இன்னொரு முறை அதே. அனுபவிக்காத பிள்ளைக்கு அது விளையாட்டு, சாயங்காலம் வரை ஓடும். கதைமாந்தருக்குக் கடிதம் எழுத வைக்கலாம், நிலைய அதிகாரி அன்று இரவு வீட்டில் என்ன சொல்லியிருப்பார் என்று எழுத வைக்கலாம். உடம்பை வைத்து வேண்டாம்.

கயிறு விஷ்ணுபுரம் சரவணன் எழுதிய சின்னக் கதைப் புத்தகம். பிள்ளைகள் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றியது. ஒரே பாடவேளையில் முடிந்துவிடும், உங்கள் 40 பக்கக் கணக்குக்குள் அடங்கும். வாங்கிவிடுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவன் வெட்டப்பட்ட பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, வண்ணக் கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் பள்ளியில் கூடாது என்று பரிந்துரைத்தது. யாராவது பெற்றோர் வந்து கேட்டால் காட்ட அது உதவும். ஆனால் வாசிக்கும் நாளில் "யார் கையில் கயிறு இருக்கிறது, கையைத் தூக்கு" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கதையை அன்றைக்கே சோதனையாக மாற்றினால் அடுத்த வாரம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

#12 பட்டதாரி_தமிழ்

ஆயிஷா இரா. நடராசன் எழுதியது. ஓர் அறிவியல் நூலுக்கு ஆசிரியை எழுதும் முன்னுரை வடிவில் போகும் கதை. கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் மாணவி, அடி வலிக்காமல் இருக்க மரத்துப்போகும் மருந்தைத் தன் உடம்பிலேயே சோதித்து இறந்துபோகிறாள். ஏழாம் வகுப்புக்குக் கொடுக்கலாம், இரண்டு நிபந்தனையோடு. பாதியில் நிறுத்தி முடிவை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கடைசிப் பகுதியை நீங்கள் வாய்விட்டு வாசிக்க வேண்டும், அதற்குப் பிறகு குறைந்தது 15 நிமிடம் வகுப்பில் இருக்க வேண்டும். கதையில் வரும் மருந்து பற்றிய கேள்விகளைச் சுருக்கமாக முடித்துவிட்டு, "அவள் யாரிடம் சொல்லியிருக்கலாம்? அந்தப் பள்ளியில் அப்படி ஒருவர் இருந்தாரா?" என்ற பக்கம் திருப்ப வேண்டும்.

இன்னொன்று. கதை ஆசிரியையின் குற்ற உணர்வில் சுழல்கிறது, ஆயிஷா அவர் வழியாகத்தான் தெரிகிறாள். "இதையே ஆயிஷா சொல்லியிருந்தால் எந்த இடம் மாறும்?" என்று கேளுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இதில் நன்றாகப் பேசுவார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். சொன்ன பிறகு அந்தப் பள்ளியில் பிரம்பு இருந்தால் வட்டத்தின் நம்பகம் அன்றோடு போய்விடும், அதையும் தலைமை ஆசிரியரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது.

பொதுவாக இந்த வகைப் புத்தகம் எடுக்கும்போது ஒன்று பாருங்கள்: கடைசியில் பிரச்சினையைத் தீர்ப்பது யார்? நல்ல மனம் கொண்ட பெரியவர் ஒருவர் வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டால் அது பரிதாபக் கதை. ஒன்றிரண்டு இருக்கலாம், பருவம் முழுவதும் அதுவே என்றால் ஒடுக்கப்பட்ட பிள்ளை எப்போதும் அழுதுகொண்டுதான் இருக்கும் என்று வகுப்பு கற்றுக்கொள்ளும். சிரிக்கிற, தந்திரம் செய்கிற, தப்பு செய்கிற பிள்ளைகள் வரும் கதை ஒன்றாவது இருக்கட்டும்.

#13 சட்டப்பக்கம்

மரப்பாச்சி சொன்ன ரகசியம் பற்றி மட்டும் எழுதுகிறேன். யெஸ். பாலபாரதியின் நாவல், 2020க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. சிறார் மீதான பாலியல் சீண்டலைப் பிள்ளைகளுக்குப் புரியும் விதத்தில் பேசுகிறது. வயதுக்குப் பொருத்தமானதுதான். ஆனால் இதை வட்டத்தில் எடுப்பதற்கு முன் உங்கள் பக்கம் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் படித்த பிறகு யாராவது ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொல்லக்கூடும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். போக்சோ சட்டம், 2012இன் 19ஆம் பிரிவுப்படி தகவல் தெரிந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திடமோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். "பள்ளிக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் அது சட்டப்படி வழி இல்லை.

பிள்ளை சொல்லும்போது செய்ய வேண்டியவை: இடைமறிக்காமல் கேளுங்கள். "எத்தனை தடவை, எங்கே தொட்டார்" என்று விசாரணை செய்யாதீர்கள், அது வேறு ஆட்களின் வேலை. பிள்ளை சொன்ன அதே சொற்களில், தேதி நேரத்தோடு, அன்றைக்கே எழுதி வையுங்கள். வேறு ஆசிரியர்களை அழைத்து மறுபடி சொல்ல வைக்காதீர்கள். அன்றே தகவல் கொடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் வாசிப்பு தொடங்கும் முதல் நாளிலேயே கரும்பலகையில் எழுதி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாரும் எழுத வையுங்கள். எல்லாரும் எழுதினால் எழுதுகிற ஒருவர் தனித்துத் தெரிய மாட்டார்.

வகுப்பின் மூலையில் கேள்விப் பெட்டி வைப்பதாக இருந்தால் அதைத் தினமும் திறக்க வேண்டும். வெள்ளிக்கிழமை திறக்கலாம் என்று விட்ட பெட்டியில் திங்கட்கிழமைச் சீட்டு கிடக்கலாம்.

#14 மூன்றாம்மணி

ஆங்கில வழிப் பிரிவுக்கு யாராவது தேடினால்: பெவர்லி நைடூவின் ஜர்னி டு ஜோபர்க், 1985. தென்னாப்பிரிக்காவில் இனஒதுக்கல் காலம், நோய்வாய்ப்பட்ட தங்கைக்காக நலேடியும் டீரோவும் நகரத்தில் வீட்டு வேலை செய்யும் அம்மாவைத் தேடிப் போகிறார்கள். 1991 வரை அந்த நாட்டிலேயே தடை செய்த புத்தகம். மெல்லியது, எளிய ஆங்கிலம். அம்மா ஏன் சொந்தப் பிள்ளைகளோடு இருக்க முடியவில்லை என்ற கேள்வி நான்காவது பத்திக்கு நேராகப் போகும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் மில்ட்ரெட் டெய்லரின் ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை. 1976இல் வந்து அடுத்த ஆண்டு அமெரிக்கச் சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. முழுவதும் வேண்டாம், முதல் அத்தியாயத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பிள்ளைகள் பயன்படுத்திக் கிழிந்த பாடப்புத்தகம் வரும் இடம் போதும். அட்டையின் உட்புறத்தில் யார் யாருக்குக் கொடுத்தது என்ற பட்டியல் ஒட்டியிருக்கும், அதில் புத்தகத்தின் நிலையும் மாணவரின் இனமும் எழுதியிருக்கும். அதைப் படித்த சின்னப் பையன் புத்தகத்தைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். இனவெறி வசைச் சொற்கள் வரும். வாய்விட்டு வாசிக்கும்போது அந்த இடத்தில் "அந்தச் சொல்" என்று சொல்லிக் கடப்பது என்று முன்கூட்டியே வகுப்போடு முடிவு செய்துகொள்ளுங்கள். தமிழ்க் கதைகளில் சாதி வசவு வரும் இடத்துக்கும் இதே ஏற்பாடுதான்.

#15 காட்டாமணக்கு

இப்போதைய திட்டம்: 20 பிரதியில் பாதி கயிறு, பாதி ஆயிஷா. டோட்டோ-சானும் பீமாயணமும் தலா ஒரு பிரதி நூலகத்தில் இருப்பதை நானே வாசித்துக் காட்டுவேன். முதல் மூன்று வாரம் டோட்டோ-சானில் விளையாட்டு விழாவும் வாலும் மரம் ஏறுவதும். நான்காவது வாரம் பீமாயணக் குமிழிப் பட்டியல், ஐந்தாவது வாரம் கோரேகாவ், நான்கு பத்தி. அதற்குப் பிறகு கயிறும் ஆயிஷாவும் குழுக்களில். மாசாவோ கடைசி. மரப்பாச்சியை அடுத்த பருவத்துக்கு, ஆலோசகரிடம் பேசிய பிறகு. மதிப்பெண் போடலாமா?

#16 அரசமரத்தடி

மதிப்பெண் வேண்டாம், கட்டுரைப் போட்டியும் வேண்டாம். போட்டி வைத்தால் "எல்லாரும் சமம்" திரும்பி வந்துவிடும். நோட்டில் கடைசி 5 நிமிடத்தில் எழுதும் இரண்டு வரியை மட்டும் பாருங்கள், திருத்தாதீர்கள், பக்கத்தில் ஒரு கேள்வி எழுதிக் கொடுங்கள். 38 நோட்டை ஒரே நாளில் பார்க்க முடியாது, வாரத்துக்கு இரண்டு மூன்று குழு என்று சுற்றுங்கள்.

கோரேகாவ் வாரத்தில் ஒரு சிக்கல் வரும். ஒரு பிரதியை 38 பேருக்குக் காட்ட முடியாது, படம் தெரியாமல் பீமாயணம் பாதிதான். ஒன்பது குழுவையும் மூன்று மூன்றாக அழைத்துத் தரையில் விரித்து ஐந்து நிமிடம் பார்க்க வையுங்கள், அந்த நேரம் மற்ற ஆறு குழுவும் குமிழிப் பட்டியலை ஒழுங்குபடுத்தட்டும்.

#17 நூல்தட்டு

ஆயிஷா படிக்கும் வாரத்தில் யார் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிவைத் தோழர்களிடம் அரைகுறையாகக் கேட்டு வரும் பிள்ளைக்கு அடுத்த நாள் இடைவேளையில் நீங்களே உட்கார்ந்து கடைசிப் பக்கங்களை வாசித்துக் காட்ட வேண்டும். அதற்காக ஒரு பிரதி உங்கள் மேசையில் இருக்கட்டும். பத்தில் ஒன்றைக் குறைக்க முடியாது என்பதால் 21ஆவதாக ஒரு ஆயிஷா வாங்கிவிடுங்கள்.